ஷீல்டில் 'வெல் டன்' எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை டவுன்ஹால் ரோட்டில் இருந்து பிரிகிற ஒரு சந்தில் என் கடை. ஷீல்டு, கப், மெடல், சான்றிதழ் எல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். ஜனவரி பிறந்துவிட்டால் மார்ச் முடிகிறவரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது. பொங்கலுக்கு அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அப்புறம் குடியரசு தினம். அது முடிந்த கையோடு பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள். ஜல்லிக்கட்டுக் கப்பில் தமிழ்தான் கேட்பார்கள், பிரச்சினை இல்லை. ஆண்டு விழா ஷீல்டுக்குத்தான் இங்கிலீஷ் வேண்டும். அதிலும் ரொம்பப் பேர் கேட்பது ஒரே சொற்றொடர்: வெல் டன்.

அதைப் பல வருடம் நான் தப்பாகத்தான் அடித்துக் கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு வருடம் திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருந்து எழுபத்தைந்து அக்ரிலிக் ஷீல்டுக்கு ஆர்டர். டெலிவரி எடுக்க வந்தவர் அந்தப் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, நம்ம பள்ளிக்கூடத்துல வெல்டிங் கோர்ஸ் கிடையாதேப்பா."

எனக்குப் புரியவில்லை. கட்டை விரலால் கடைசி மூன்று எழுத்தை மறைத்தார். மிச்சம் இருந்தது டபிள்யூ, ஈ, எல், டி. "இது என்ன? வெல்டு." பிறகு விரலை இந்தப் பக்கம் நகர்த்தி முதல் நான்கை மறைத்தார். ஓ, என், ஈ. "இது ஒன். வெல்டு ஒன். ஒண்ணை வெல்டு பண்ணுங்கிறே." சிரிக்காமல் சொன்னார். எழுபத்தைந்தும் லேசரில் செதுக்கியவை. அழிக்க முடியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து என் செலவில் மறுபடி அடித்தேன். வாத்தியார் ஒன்பது மணிவரை கூடவே உட்கார்ந்து, இரண்டு டீ குடித்துக்கொண்டே இந்த இரண்டு சொல்லுக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போனார். அன்று கேட்டதும், பிறகு கடையில் பட்டதும்தான் கீழே இருக்கிறது. ஷீல்டு அடிப்பவர்களுக்கு மட்டும் என்றில்லை; மாணவர் நோட்டில் எழுதுகிற டீச்சருக்கும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: இரண்டு எல், நடுவில் இடைவெளி

டபிள்யூ, ஈ, எல், எல். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. டி, ஓ, என், ஈ. அவ்வளவுதான். ஆனால் இதில் மூன்று விதமாகத் தப்பு வருகிறது. மூன்றுக்கும் காரணம் தெரிந்தால்தான் கை திருந்தும்.

இடைவெளி போவதற்குக் காரணம் நம் காது. பேசும்போது 'வெல்டன்' என்று ஒரே மூச்சில் வருகிறது. தமிழில் எழுதினாலும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அந்தப் பழக்கம் இங்கிலீஷில் தட்டும்போதும் கையோடு வந்துவிடுகிறது. தமிழில் 'பல கை' என்றால் நிறையக் கைகள், 'பலகை' என்றால் மரப்பலகை. அந்த இடைவெளிக்கு நாம் கொடுக்கிற மரியாதையை இங்கிலீஷுக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு எல் காணாமல் போவதற்குக் காரணம் 'வெல்கம்'. அதில் ஒரே எல். 'வெல்ஃபேர்' என்பதிலும் ஒரே எல். கல்யாண மண்டப வாசலில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, இங்கேயும் ஒரு எல்லோடு நிறுத்திவிடுகிறது. அந்த இரண்டும் பல நூறு வருடங்களுக்கு முன்பே ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டவை. ஒட்டிய அந்தச் சொற்களில் ஒரு எல்தான் நிற்கிறது. வெல் டன் இன்னும் ஒட்டவில்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. (இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. மண்டப வாசலில் வெல்கமுக்கு இரண்டு எல் போட்டு பேனர் அடிப்பார்கள். லண்டனில் மருந்துக் கம்பெனி நடத்திய ஹென்றி வெல்கம் என்பவரின் பெயருக்கு இரண்டு எல் உண்டு. 1936இல் அவர் இறந்த பிறகு அவர் உயிலின்படி தொடங்கிய வெல்கம் டிரஸ்டுக்கும் இரண்டு எல்தான். அவர் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் சரி.)

மூன்றாவது தப்பு கடைசி ஈ. போனில் அவசரமாகத் தட்டும்போது ஒரு எல்லும் ஈயும் சேர்ந்தே விட்டுப் போகும். வெல்டன் என்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர் உண்டு. அதனால் போன் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடலாம், தானே பெரிய எழுத்தாகவும் மாற்றி வைக்கலாம். போன் சும்மா இருக்கிறது என்பதற்காக எழுத்துச் சரி என்று நம்பக்கூடாது.

இரண்டாவது படி: ஏன் 'டன்', ஏன் 'டிட்' இல்லை

டூ, டிட், டன். மூன்றாவது வடிவம்தான் இங்கே வரும். 'நன்றாகச் செய்யப்பட்டது' என்பதன் சுருக்கம் இது. 'வெல் டிட்' என்று யாராவது எழுதினால் தப்பு. 'குட் டன்' என்பதும் தப்பு. 'குட்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், செயலைச் சொல்ல 'வெல்' வேண்டும். அதனால்தான் 'குட் ஜாப்', 'வெல் டன்'. இரண்டையும் குழைத்து 'வெல் ஜாப்' என்று ஒரு சான்றிதழ் வந்தது. அதை எப்படித் திருத்துவது என்று நானே கொஞ்ச நேரம் முழித்தேன்.

உச்சரிப்பு: எழுத்தைப் பார்த்து 'வெல் டோன்' என்று மேடையில் வாசிப்பவர்கள் உண்டு. 'ஸ்டோன்', 'போன்' மாதிரி இது ஓடாது. 'ஒன்', 'நன்' வரிசையில் சேரும்.

மூன்றாவது படி: பெயர், காற்புள்ளி, ஆச்சரியக்குறி

'வெல் டன், கவிதா.' நடுவில் காற்புள்ளி அவசியம். ஆளைக் கூப்பிடுகிற இடத்தில் இங்கிலீஷில் காற்புள்ளி வரும், 'முருகா, இங்கே வா' என்று நாம் போடுவதைப்போல. ஷீல்டில் பெயர் அடுத்த வரியில் வந்தால் காற்புள்ளி தேவையில்லை, வரி மாறுவதே அந்த வேலையைச் செய்துவிடும். நோட்டில், மெயிலில், மெசேஜில் போடுங்கள்.

வாக்கியமாக எழுதும்போது டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, டி சின்ன எழுத்து. தலைப்பாக அடித்தால் இரண்டும் பெரிசாக இருக்கலாம். ஆச்சரியக்குறி ஒன்று போதும். நாலைந்து போட்டால் கத்துகிற மாதிரி இருக்கிறது.

ரேங்க் கார்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, 'வெல் டன் கீப் இட் அப்' என்று மூச்சு விடாமல் ஓடுகிற ஒரே வரி. அது இரண்டு வாக்கியம். 'வெல் டன்' முடிந்ததும் முற்றுப்புள்ளி, பிறகு பெரிய கே போட்டு 'கீப் இட் அப்'. ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி, அதையும் வைத்துவிட்டால் என்ன?

நான்காவது படி: எதற்காக என்று சொல்வது

என்ன செய்ததற்காகப் பாராட்டுகிறோம் என்று சேர்க்க 'ஆன்' அல்லது 'ஃபார்' போடலாம். 'வெல் டன் ஆன் வின்னிங் தி ஃபைனல்.' 'வெல் டன் ஃபார் ஹெல்பிங் யுவர் ஃப்ரெண்ட்.' இரண்டும் சரி. ஆட்களைச் சொல்ல 'டு': 'வெல் டன் டு ஆல் தி வாலன்டியர்ஸ்.' இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்னால் வருவது அந்த ஆள் செய்த காரியமாக இருக்க வேண்டும். 'வெல் டன் ஆன் யுவர் மேரேஜ்' என்று கல்யாணப் பேனரில் அடிக்கக் கேட்டு ஒரு நண்பர் கூட்டம் வந்தது. மாப்பிள்ளை என்னவோ வேலையைக் கச்சிதமாக முடித்த மாதிரி தொனிக்கும், பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ. கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு இதற்கெல்லாம் 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன்' தான் பொருத்தம். அதில் கடைசி எஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது படி: சிறு கோடு எப்போது

இதுதான் வாத்தியார் இரண்டாவது டீயை முழுக்கச் செலவழித்த இடம். இடைவெளி விட வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு நம்மாட்கள் அடுத்து செய்வது, நடுவில் ஒரு ஹைஃபன் போடுவது. 'வெல்-டன்'. பார்க்க அழகாக இருக்கிறது என்று நானும் போட்டிருக்கிறேன். பாராட்டாகத் தனியாக நிற்கும்போது அந்தக் கோடு வரக்கூடாது.

கோடு எப்போது வரும்? இரண்டும் சேர்ந்து, அடுத்து வருகிற பெயர்ச்சொல்லுக்கு ஒரே அடைமொழியாகும்போது. நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 'அவர் மாடு பிடிப்பார்' என்று எழுதினால் மாடு தனி, பிடிப்பார் தனி. அதையே வீரருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் 'மாடுபிடி வீரர்'. மாடும் பிடியும் ஒட்டிக்கொண்டன. தனித்தனியாக விட்டால் 'பிடி வீரர்' என்றால் யார் என்று கண் ஒரு நொடி தடுமாறும். இங்கிலீஷில் அப்படி ஒட்டிக் காட்டுகிற பசைதான் ஹைஃபன்.

உதாரணத்துக்குச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 'வெல் டன்' என்பதற்கு 'நன்றாக வெந்தது' என்றும் பொருள் உண்டு. வெளிநாட்டில் ஸ்டேக் என்கிற மாட்டிறைச்சித் துண்டை அரைவேக்காட்டிலும் சாப்பிடுவார்கள், முழுசாக வேகவைத்தும் சாப்பிடுவார்கள். அதில் முழு வேக்காட்டுக்குப் பெயர் வெல் டன். (மதுரையில் இந்தக் கேள்வியே எழாது. சுக்கா அரைவேக்காட்டில் வந்தால் தட்டு திரும்பிப் போகும்.) 'எ வெல்-டன் ஸ்டேக்' என்று ஸ்டேக்குக்கு முன்னால் வந்தால் கோடு. 'தி ஸ்டேக் இஸ் வெல் டன்' என்று பின்னால் வந்தால் கோடு இல்லை. ஆக, ஷீல்டு உச்சியில் கோடு போட்டு அடித்தால், விஷயம் தெரிந்தவருக்குப் பரிசைவிடச் சமையல்கட்டுதான் முதலில் ஞாபகம் வரும்.

இதே விதி 'வெல்' வருகிற மற்ற இடங்களுக்கும் பொருந்தும். 'எ வெல்-நோன் டாக்டர்' என்றால் கோடு. 'தி டாக்டர் இஸ் வெல் நோன்' என்றால் கோடு இல்லை. எல், ஒய் என்று முடிந்து, எப்படிச் செய்தார் என்று சொல்கிற சொல்லுக்கு மட்டும் கோடு வேண்டாம்; 'எ பியூட்டிஃபுல்லி டன் டிராயிங்' போதும்.

இங்கே இன்னொரு நெளிவு. 'எ வெல்-டன் ஜாப்' இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் இங்கிலீஷ்காரர் காதுக்கு அது இயல்பாக இருக்காது. அவர்கள் திருப்பிப் போட்டு 'எ ஜாப் வெல் டன்' என்பார்கள். சான்றிதழில் 'ஃபார் எ ஜாப் வெல் டன்' என்று அடித்துப் பாருங்கள், கம்பீரமாக இருக்கும். ஜாப் முன்னால் போய்விட்டதால் இங்கே கோடும் இல்லை.

ஆறாவது படி: யாருக்குச் சொல்லலாம்

என்னைக் கேட்டால், எழுத்துப் பிழையைவிட இது பெரிய பிழை. எழுத்துப் பிழைக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாறுதலாகிப் போகிற தங்கள் அதிகாரிக்கு நினைவுப் பரிசு. வாசகம் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினார்கள்: 'வெல் டன் சார்'. எழுத்து சரி, இடைவெளி சரி.

"அண்ணே, இதையே தமிழ்ல 'சபாஷ் சார்'னு அடிச்சுக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "ஆத்தி, வேணாம்ப்பா. ரிட்டயர் ஆகுறவரைக்கும் மறக்க மாட்டாரு."

அளவுகோல் அதுதான். எங்கே சபாஷ் சொல்ல முடியுமோ, தோளில் தட்ட முடியுமோ, அங்கே வெல் டன். வாத்தியார் மாணவனுக்கு, பயிற்சியாளர் ஆட்டக்காரருக்கு, மேலதிகாரி கீழே வேலை பார்ப்பவருக்கு, சமவயதுத் தோழர்கள் தங்களுக்குள். கீழிருந்து மேலே சொன்னால் மதிப்பெண் போடுகிற மாதிரி ஆகிவிடும். அந்த அதிகாரிக்கு 'வித் கிராட்டிட்யூட்' என்று மாற்றிக் கொடுத்தேன். 'இன் அப்ரிஸியேஷன் ஆஃப் யுவர் சர்வீஸ்' என்பதும் இந்த மாதிரி இடத்துக்குக் கைகொடுக்கும். தலைமை ஆசிரியர் நன்றாகப் பேசினார் என்று மெசேஜ் போட வேண்டுமா, 'இட் வாஸ் எ வொண்டர்ஃபுல் ஸ்பீச், சார்' என்று பேச்சைப் பாராட்டுங்கள். பேசியவருக்கு மார்க் போட வேண்டாம்.

சபாஷ் என்றதும் ஒன்று. அதுவும் ஒரு காலத்தில் இரண்டு சொல்லாக இருந்ததுதான். பாரசீகத்தில் 'ஷாத் பாஷ்', 'மகிழ்ச்சியாய் இரு' என்று பொருள். நம் ஊர் வந்து சேர்வதற்குள் உருகி ஒன்றாகிவிட்டது. அப்புறம், சபாஷுக்கு இருக்கிற விஷம் வெல் டன்னுக்கும் உண்டு. பையன் தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்தால் 'சபாஷ்!' என்கிறோமே, இங்கிலீஷ்காரரும் அந்தத் தொனியில் இதைச் சொல்வார். நேரில் முகம் பார்த்துச் சொன்னால் புரிந்துவிடும். மெசேஜில் வெறும் இரண்டு சொல்லை மட்டும் போட்டால் பாராட்டா குத்தலா என்று எதிராளி முழிக்கக்கூடும். தப்பு நடந்த ஒரு விஷயத்துக்குக் கீழே தனியாக இதைப் போடாதீர்கள். என்ன பிடித்திருந்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஏழாவது படி: அச்சுக்குப் போகும் முன்

இது எங்கள் தொழில்காரர்களுக்கு. டிசைன் போடுகிற கோரல் டிரா மென்பொருளில் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது கோட்டு உருவமாக, மாற்றிவிட்டால் அது வெறும் படம். பிறகு ஒரு எழுத்தைத் திருத்த நினைத்தாலும் புதிதாகத்தான் தட்ட வேண்டும். எனவே மாற்றுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

சின்ன ஷீல்டில் இடம் பத்தாது என்று எழுத்தை நெருக்குவோம். அப்போது முதலில் சாவது சொற்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளிதான். தட்டும்போது இடைவெளி விட்டிருப்போம், அடித்து வந்தால் ஒட்டிப் போயிருக்கும். என் கணக்கு: பெரிய எழுத்தில் அடித்தால், இரண்டு சொல்லுக்கும் நடுவே ஆங்கில 'ஐ' எழுத்து ஒன்று உள்ளே நுழைய இடம் இருக்க வேண்டும். நுழையாவிட்டால் எழுத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது 'வெல்' மேல் வரியில், 'டன்' கீழ் வரியில். இரண்டுமே நாலு எழுத்து என்பதால் ஒன்றன்கீழ் ஒன்று கட்டடம் மாதிரி நிற்கும். அப்படி உடைக்கும்போது மேல் வரி முடிவில் பழக்கதோஷத்தில் ஒரு கோடு போட்டுவிடாதீர்கள். எங்கள் கடைப் பையன் ஒருமுறை போட்டான். ஒரே சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போனால்தான் கோடு. இது இரண்டு சொல்.

கடைசியாக, ஆர்டர் கொடுத்தவரிடம் புரூஃபைப் போனில் அனுப்பினால் 'ஓகே' என்று பார்க்காமலே பதில் வரும். கடைக்கு வந்தவரிடம் காகிதத்தில் காட்டி, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்கிறேன். டபிள்யூ, ஈ, எல், எல், ஸ்பேஸ்... 'ஸ்பேஸ்' என்று வாயால் சொன்னால்தான் பென்சிலில் டிக் போடுவேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

வேறு சொல் வேண்டுமென்றால்: 'குட் ஜாப்' அமெரிக்க வாடை, பேச்சுக்குச் சரி. 'ஹேட்ஸ் ஆஃப்' என்றால் பின்னால் 'டு' போட்டு யாருக்கு என்று சொல்லுங்கள். 'வெல் பிளேய்டு' விளையாட்டுக்கு. தோற்ற அணிக்கும் மனசாரச் சொல்லலாம். 'கூடோஸ்' கிரேக்கத்தில் 'புகழ்' என்ற பொருளில் இருந்து வந்தது. அதன் கடைசி எஸ் பன்மை இல்லை, அதை வெட்டி 'ஒரு கூடோ' ஆக்கிவிடாதீர்கள்.

வீணாய்ப்போன அந்த எழுபத்தைந்து ஷீல்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பின்பக்கம் சுத்தமாக இருந்ததால் விலைப்பட்டியல், 'செருப்பை வெளியே விடவும்' என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செலவானது. ஒன்றை மட்டும் செல்லூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிற கூட்டாளி கேட்டு வாங்கிப் போனான். இன்றைக்கும் அவன் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்குகிறது. அங்கே அதில் ஒரு பிழையும் இல்லை.